நாலாயிரத்து இருநூறு மீன்கள்

அப்பா சாப்பிட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. நான் நாலாயிரத்து இருநூறு மீன்களைக் கொன்றிருந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு புத்தகம் இருந்தது.

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில், வல்லத்துக்குப் பக்கம். நாங்கள் சமணர். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்போம். எறும்பு வரிசை குறுக்கே போனால் அப்பா சைக்கிளை நிறுத்திக் காத்திருப்பார். அவர் பெயர் நேமிசந்திரன், மல்லாட்டை எனும் நிலக்கடலை வியாபாரம். அம்மா இறந்த வருஷம் ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு மளிகைப் பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைத் தவிர எனக்குப் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் எந்தக் கதைக்கும் முடிவு இருக்காது.

இரண்டாயிரத்துப் பதினேழில், எனக்கு இருபது வயது நடக்கும்போது, விலை நிலவரம் பார்க்க அப்பா ஒரு செல்போன் வாங்கினார். அதில்தான் 'அள்ளிக்கோ' என்ற செயலியைப் பார்த்தேன். புள்ளி சேர்த்தால் மின்புத்தகம் இலவசம். ஒரு நாவலின் முதல் முப்பது பக்கத்தைச் சும்மாவே படிக்கக் கொடுத்தார்கள். முப்பதாம் பக்கத்தில் ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து நிற்கிறாள். மீதியைப் படிக்க ஐயாயிரம் புள்ளி.

புள்ளிக்கு ஒரே வழி 'மீன் வெட்டு' என்ற விளையாட்டு. தண்ணீரிலிருந்து மீன் துள்ளும். விரலால் கோடு இழுத்தால் மீன் இரண்டாகும். திரை முழுக்க ரத்தம் தெறிக்கும். ஒரு பெண் குரல் "அருமை!" என்று சொல்லும். ஒரு மீனுக்கு ஒரு புள்ளி. தலை தனியாக வந்தாலும் அதே ஒரு புள்ளிதான்.

மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, குரலை அணைத்துவிட்டு வெட்டினேன். ஒரு சாயங்காலம் அணைக்க மறந்துவிட்டேன். அப்பா அப்போதுதான் இலைமுன் உட்கார்ந்திருந்தார். "வாழ்த்துகள்! நீங்கள் நாலாயிரத்து இருநூறு உயிர்களைப் பறித்துவிட்டீர்கள்!" என்றாள் அந்தப் பெண்.

அப்பா கையை இலையிலிருந்து எடுத்தார்.

"இன்னாம்மா அது?"

சொன்னேன். "நெச மீனில்லப்பா. படம்."

"மாவுல கோழி செஞ்சி அறுத்தாலும் அறுத்த மனசு ஒன்னுதாம்மா. வெட்டும்போது அது சாவணும்னு நெனச்சியா, இல்லியா?"

ஒரு மீன் தப்பித்துப் போனால் எனக்குக் கோபம் வந்தது உண்மை.

"அந்தக் கணக்க மூடிட்டு வா. அது மூடற வரைக்கும் எனக்குச் சோறு வாணாம்" என்றார். பேருந்துக்குச் சில்லறை எடுத்துக் கொடுப்பவர் மாதிரிதான் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செயலியில் 'மூடு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் கத்தி விளம்பரம் ஓடியது. முடிந்ததும், 'தங்கள் பிரிவு எங்களை வாட்டுகிறது, மீண்டும் முயலவும்' என்று வந்தது. ஐந்து நாள் முயன்றேன். வீட்டில் இருக்கவேண்டிய கத்திகள் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டன. ஆறாம் நாள், 'திண்டிவனம் வெகுமதி மையத்தை அணுகவும்' என்று வந்தது. அப்பா அதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

மையம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. நான் போனபோது படிக்கட்டின் கீழே நூறு பேர் நின்றார்கள். காவலாளி துரைக்கண்ணு மேலே நின்று பத்து டோக்கனை எண்ணிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு நடுவில் வீசினார். அவர் தலைக்கு மேல் ஒரு பலகை: 'டோக்கன் பெறும் உரிமை அனைவருக்கும் சமம். பல் இழப்புக்கு மையம் பொறுப்பல்ல.'

நான் சண்டைக்குப் போகவில்லை. ஒரு டோக்கன் தானாக என் பைக்குள் விழுந்தது. உடனே ஓர் அம்மாள் என் பின்னலைப் பிடித்துத் தரையில் இழுத்தாள். இன்னொருத்தி என் கையை மிதித்தாள். யாரோ பின்னலைப் பிடித்தவளின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

"வுடு ஆயா. பொண்ணு கைய ஒடச்சிட்டா அது எங்கேர்ந்து மீன் வெட்டும்?"

அவர் பெயர் சேட்டு. மரக்காணம் பக்கத்து மீனவர். அவர் வாயிலும் ரத்தம், கையிலும் ஒரு டோக்கன்.

"நீ எதுக்குத் தங்கச்சி வந்த?"

"கணக்க மூட."

"மூடவா? நான் தொறக்க வந்துக்கினு இருக்கேன். முடக்கிட்டானுங்க."

மேலே, முருகையன் என்ற வெகுமதி அலுவலர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அட்டை தொங்கியது. முதலில் சேட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"நிமிஷத்துக்குத் தொண்ணூறு மீன் வெட்டியிருக்க. மனுசனால முடியாது. நீ மெஷினு."

"இன்னா சார் பேசுற? பொறந்ததுலேர்ந்து மீனு வெட்டிக்கினு இருக்கேன். எங்கூட்டுக்காரி என்னைவிட ஜல்தியா வெட்டுவா."

"அப்ப அதுவும் மெஷினு."

சேட்டு அண்ணன் மேசையைத் தட்டினார். மேசைக் கண்ணாடி விரிசல் விட்டது. முருகையன் கோபப்படவில்லை. ஒரு படிவத்தை எடுத்து, 'மனிதச் சரிபார்ப்பு' என்ற கட்டத்தில் டிக் அடித்து, துரைக்கண்ணுவிடம் நீட்டினார். துரைக்கண்ணு அதைப் படித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, லத்தியால் சேட்டு அண்ணனை அடிக்க ஆரம்பித்தார். ஐந்தாவது அடியில் நெற்றி கிழிந்தது. முருகையன் எட்டிப் பார்த்தார்.

"ரத்தம் வருது. மெஷினுக்கு ரத்தம் வராது. மனுசன்தான். போதும் துரைக்கண்ணு." பிறகு சேட்டு அண்ணனிடம், "வாழ்த்துகள் சார். தொந்தரவுக்கு வருந்தறோம். ஆறுதல் புள்ளியா அடிக்கு இருபது, மொத்தம் நூறு ஏத்திட்டேன்" என்றார்.

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த நூறைக் கேட்டார்கள். அதில்தான் மற்றதெல்லாம் ஆரம்பித்தது.

என் முறை வந்தது. அப்பா ஆறு நாளாகச் சாப்பிடவில்லை என்று சொன்னேன். முருகையன் குறித்துக்கொண்டார்.

"கணக்க தாராளமா மூடலாம்மா. நம்ம நிறுவனத்துல கட்டாயம்ன்ற பேச்சே கெடையாது. ஆனா நெறையாத கணக்க மூட முடியாது. உன்னுது நாலாயிரத்து இருநூறு. இன்னும் எண்ணூறு மீன் வெட்டு. ஐயாயிரம் ஆனதும் புத்தகம் வேணுமா, மூடணுமான்னு அதுவே கேக்கும்."

"வெட்டக்கூடாதுன்னுதான் சார் மூடறேன்."

"நிறுத்தணும்னா வெட்டித்தாம்மா நிறுத்தணும். வேற எப்படி?"

சேட்டு அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "குடு போன. எண்ணூறுதானே, பீடி புடிக்கிற நேரத்துல முடிச்சிடுவேன்" என்றார்.

கொடுக்க முடியாது. எங்கள் வீட்டில் தான் செய்தாலும், பிறரைச் செய்ய வைத்தாலும், செய்வதைப் பார்த்து மகிழ்ந்தாலும் மூன்றும் ஒரே பாவம். அதைச் சொன்னேன்.

"பேஜாரு புடிச்ச குடும்பமா கீதே" என்றார் சேட்டு அண்ணன், மரியாதையாகத்தான்.

மறுநாள் நான் மறுபடி போனேன். கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. யாரும் மீன் வெட்டவில்லை. எல்லாரும் அடி வாங்க வந்திருந்தார்கள். விரலை வைத்து இருபது மீன் வெட்டுவதைவிட ஓர் அறை வாங்குவது சீக்கிரம் என்று திண்டிவனம் கண்டுபிடித்துவிட்டது. அனந்தபுரத்திலிருந்து ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். மையமும் தயாராக இருந்தது. பலகையில் புது விலைப்பட்டியல்: அறை இருபது, லத்தி இருபது, பல் ஐம்பது, எலும்பு முந்நூறு. எலும்புக்கு எக்ஸ்ரே கட்டாயம். பழைய முறிவுகள் ஏற்கப்படா.

முருகையன் படிக்கட்டில் நின்று ஒலிபெருக்கியில் பேசினார்.

"அன்பான வாசகர்களே! நாம யாரையும் அடிக்கிறது இல்ல. வெளியில அப்படிப் பேசிக்கினு இருக்காங்க. வருத்தமா இருக்கு. நாம வாய்ப்பு தர்றோம், நீங்க பயன்படுத்திக்கிறீங்க. இதே அடிய வீட்டுல வாங்கினா உங்களுக்கு இன்னா கெடைக்கும்? போலீஸ் ஸ்டேஷன்ல வாங்கினா யாராவது ஒரு புள்ளி குடுப்பானா? படிப்பு அடிச்சாத்தான் ஏறும்னு நம்ம வாத்தியாருங்க நம்பினாங்க. ஆனா அடிக்குக் கணக்கு வெச்சாங்களா? வெக்கல. நாம வெக்கிறோம். இதாங்க வளர்ச்சி!"

கைதட்டினார்கள். கை உடைந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

நான் யோசித்தேன். மீனைக் கொல்லக் கூடாது, சரி. அடி வாங்குவது கொலை இல்லையே. நானும் வரிசையில் நின்றேன். துரைக்கண்ணுவின் வலது கை வீங்கித் துணி சுற்றியிருந்தது. வயதானவர். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

"எந்தக் கன்னம்மா?" என்றார்.

"எதுவானாலும் சரிங்க."

"மூக்குத்தி போட்டுக்கினு இருக்கியே, அந்தப் பக்கம் வாணாம்" என்று சொல்லி, மறுபக்கம் அறைந்தார். காதுக்குள் ரொம்ப நேரம் மணி அடித்தது. அதற்குள் இரண்டாவதும் மூன்றாவதும் விழுந்துவிட்டன. ஐந்து அறை வாங்கினேன். நாலாயிரத்து முந்நூறு ஆனது. ஆறாவதுக்கு முகத்தை நீட்டினேன். முருகையன் உள்ளேயிருந்து வந்து பட்டியலில் இருபதை அழித்து இரண்டு என்று எழுதினார்.

"தேவை கூடிப்போச்சி" என்றார்.

கூட்டம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வேனில் வந்தவர்கள் செங்கல்லை எடுத்தார்கள். டயர் கடையிலிருந்து ஸ்பேனர்கள் போயின. ஒருவரையொருவர் அடித்துவிட்டு, மையத்தின் வளாகத்துக்குள் விழுந்த அடி என்று ஆளாளுக்குப் புள்ளி கேட்டார்கள். வளாகம் எதுவரை என்பதில் ஒரு சண்டை வந்து அதில் இருவருக்கு மண்டை உடைந்தது. ஒருவர் வளாகத்துக்குள் விழுந்திருந்தார். இன்னொருவர் பாதி வெளியே. அவருக்குப் பாதிப் புள்ளி கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா படுத்திருந்தார். என் கன்னத்தைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"யாரு அடிச்சது?"

சொன்னேன்.

"ஒனக்கு வலிச்சது சரி. அடிச்சாரே அந்த மனுசன், அவரு பாவம் யாருதும்மா? நீதானே போயி முகத்தக் காட்டின?"

அவர் உதடு வெடித்திருந்தது. இனிமேல் அடி வாங்குவதில்லை என்று சொன்னேன். தண்ணீரை மட்டும் இரண்டு வாய் குடித்தார். அதிலும் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் விழுப்புரம் போனேன். மாவட்ட வெகுமதி மேலாளர் அங்கேதான் இருந்தார். அலுவலக வாசலில் சேட்டு அண்ணன் நின்றிருந்தார். வலது கையில் மாவுக்கட்டு, மார்பில் சுற்றுத் துணி, முகத்தில் சிரிப்பு.

"புத்தகம் கெடைச்சிட்டுது தங்கச்சி! கையி ஒன்னு, விலா ரெண்டு. தொள்ளாயிரம் ஒரே நாள்ல. எனக்கு மாலை போடறாங்களாம், வரச் சொன்னாங்க."

"இன்னா புத்தகம்ணா?"

"கோவத்த அடக்கறது எப்படின்னு. எங்கூட்டுக்காரி கேட்டா. மொதப் பக்கத்துலயே மூச்ச நல்லா இழுத்து வுடணும்னு போட்டிருக்கான். விலா ஒடஞ்சி கீது, எங்க இழுக்கறது?"

மேலாளர் விருத்தாசலம் குளிர்ந்த அறையில் இருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறையப் புத்தகங்கள். பக்கத்தில் போனபிறகுதான் அது சுவரில் ஒட்டிய படம் என்று தெரிந்தது. அவர் என் கதை முழுவதையும் கேட்டார். கண் கலங்கினார்.

"எங்க லட்சியமே வாசிப்புதாம்மா. இந்த மாவட்டத்துல அறுபதாயிரம் பேரு சேந்திருக்காங்க. புத்தகம் வாங்கினவரு ஒருத்தரு. வெளிய நிக்கிறாரு பாரு, அவருதான். மாலை போட்டு அனுப்பிட்டு, அவர எப்படி வுட்டீங்கன்னு முருகையனக் கேக்கணும். ரெண்டாவது ஆள் வராம பாத்துக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"எனக்குப் புத்தகம் வாணாம் சார். கணக்க மூடுங்க, போதும்."

"புத்தகம் வாணாம்னு சொல்ற மொத ஆளு நீதான். நீதாம்மா எங்களுக்கு வேணும். ஒன்ன எப்படி வுடறது?" கொஞ்சம் யோசித்தார். "ஒரு வழி இருக்கு. வாடிக்கையாளர் எறந்துட்டா கணக்கு தானா மூடிக்கும்."

நான் எழுந்துகொண்டேன். அவர் கையமர்த்தினார்.

"நெசமா சாக வாணாம். படிவம்தான்."

"செத்தவங்களே படிவம் குடுக்கலாமா சார்?"

"நேர்ல வந்தா கையெழுத்து சரிபாக்கச் சுலபம்."

படிவத்தை அவரே நிரப்பினார். பெயர் குணமதி. இறந்த தேதி இன்று. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. 'மீன்' என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பொய்தான். ஒன்பது நாளில் அப்பாவின் கழுத்தெலும்பில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும் பள்ளம் விழுந்திருந்தது. பொய் எவ்வளவு பெரிய பாவம் என்று அன்றைக்கு நான் கணக்குப் பார்க்கவில்லை.

"நாளைக்கு மூணு மணிக்கு வீட்டுக்கு ஒரு போன் வரும். குடும்பத்துல ஒருத்தரு உறுதி செஞ்சா போதும்" என்றார்.

பத்தாம் நாள் மூன்று மணிக்குப் போன் அடித்தது. அப்பாவின் தலையை என் மடியில் வைத்து, போனை அவர் காதருகே பிடித்தேன். விஷயத்தை முன்பே சொல்லியிருந்தேன். மீன் வெட்டும்போது "அருமை" என்று சொல்லும் அதே குரல் பேசியது.

"உங்கள் மகள் குணமதி இறந்துவிட்டாரா? ஆம் எனில் ஒன்றை அழுத்தவும். இல்லை எனில் இரண்டை அழுத்தவும்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். கை தவறி என் தாடையில் இடித்தது. மறுபடி தூக்கினார். வியாபாரத்தில்கூட எடை விஷயத்தில் ஒரு பொய் சொல்லாதவர். ஒன்றை அழுத்தினால் சோறு. விரல் ஒன்றின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது.

இரண்டை அழுத்தினார்.

"உசுரோட இருக்கிற புள்ளைய எப்படிம்மா…" என்றார்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அந்தக் குரல் நிறுத்தவில்லை.

"வாழ்த்துகள்! இறந்தவர்கள் விளம்பரம் பார்ப்பதில்லை. எனவே எங்கள் வாடிக்கையாளர் உயிருடன் இருப்பதை உறுதி செய்ததற்காக எழுநூறு ஊக்கப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன!"

திரையில் ஐயாயிரம் என்று வந்தது. கீழே இரண்டு கட்டம். புத்தகம் வேண்டுமா? கணக்கை மூடவா? முதல் கட்டத்தில் அந்த நாவலின் அட்டை தெரிந்தது. பையோடு நின்ற பெண் வாசலைத் தாண்டினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாவது கட்டத்தை அழுத்தினேன். கத்தி விளம்பரம் ஓடி முடிந்து, 'மூடப்பட்டது' என்று வந்தது. அப்பாவிடம் காட்டினேன். தலையசைத்தார்.

பாசிப்பருப்பை வேகவைத்து, தண்ணீரை வடித்து, ஆறவைத்து முதலில் அந்த நீரைக் கரண்டியால் கொடுத்தேன். வயிற்றில் நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. ஒரு மணி நேரம் கழித்து நொய்க் கஞ்சி வைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கிண்ணத்தைத் தானே பிடித்துக் குடிக்கிறேன் என்றார். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முருகையன் ஓட்டி வந்திருந்தார். பின்னால் துரைக்கண்ணு, மடியில் லத்தி.

நான் வெளியே ஓடி வந்து கதவைச் சாத்தினேன்.

"பொய் மரண அறிவிப்பு" என்று முருகையன் காகிதத்தைப் பிரித்தார். "பன்னண்டு அடி. விதி."

"கணக்க மூடிட்டேன் சார்."

"கணக்குதாம்மா மூடிச்சி. குத்தம் மூடல. அந்தப் படிவத்துக்கு மேலாளருக்கு மேலேர்ந்து திட்டு. அவரு என்னத் திட்டினாரு. அது எங்கயாவது போயி முடியணுமில்ல?"

"இதுக்குப் புள்ளி உண்டா?"

"ஒனக்குத்தான் கணக்கே இல்லியே. எதுல ஏத்தறது?"

உள்ளே கிண்ணம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஓர் அடியின் சத்தம் அப்பாவுக்குக் கேட்டால்கூடக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார். பிறகு எடுக்க மாட்டார்.

"அப்பா சாப்புட்டுக்கினு இருக்காரு. பின்னால கொட்டாய்க்குப் போயிடலாங்க" என்றேன்.

அவர்கள் வந்தார்கள். முருகையன் மாடு மிரளாதபடி தள்ளி நின்றுகொண்டார். துரைக்கண்ணு கைத் துணியை இறுக்கிக் கட்டினார்.

"கையாம்மா, முதுகா?"

"முதுகுங்க. முகத்துல தெரியும்."

தாவணி நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். முதல் அடியில் கண் இருண்டது. கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது, மூன்றாவது. முருகையன் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஏழாவதில் முதுகில் ஈரம் இறங்குவது தெரிந்தது. துரைக்கண்ணு மூச்சு வாங்க நின்று லத்தியைக் கை மாற்றினார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து அப்பா கூப்பிட்டார்.

"குணா! இன்னும் கொஞ்சம் கஞ்சி இருக்காம்மா?"

நான் துணியை வாயிலிருந்து எடுத்தேன்.

"இருக்குப்பா. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி கடித்துக்கொண்டேன்.